ஆராய்ச்சி தந்த நடைத்துணை

எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. வரக்கூடும் என்று மட்டும் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லால்தான் என் வாழ்க்கையில் ஒரு வருஷம் மற்ற வருஷங்களைப் போல இல்லாமல் போனது.

ஸ்ரீவராகத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பெண்கள் வந்தார்கள். நீரிழிவு வராமலே தடுக்க முடியுமா என்று பார்க்கிற ஓர் ஆராய்ச்சிக்காக வீடு வீடாக ஆள் சேர்ப்பதாகச் சொன்னார்கள். இடுப்பை டேப் வைத்து அளந்தார்கள். வயது கேட்டார்கள். ஐம்பத்தொன்று என்றேன். வீட்டில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று மலையாளத்தில் கேட்டபோது, என் அப்பாவின் அறையை நோக்கிக் கை நீட்டினேன். அறை காலியாகி அப்போது நாலு மாதம்கூட ஆகவில்லை.

அப்பாவுக்கு முதலில் ஒரு கால்விரல் போனது. பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே. கடைசியில் கண்ணும் மங்கிவிட்டது. அம்மா முன்பே போய்விட்டிருந்தாள். அண்ணா மும்பையில். வஞ்சியூரில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டு, காலையிலும் மாலையிலும் அப்பாவுக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு நான் இருந்தேன். கல்யாணப் பேச்சு நடுவில் எப்போது நின்றது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. யாரும் நிறுத்தவில்லை. பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனது, அவ்வளவுதான்.

அந்தப் பெண்கள் சொன்னபடி அடுத்த வாரம் வெறும் வயிற்றோடு எங்கள் பகுதி வாசகசாலைக்குப் போனேன். முதலில் ஒரு முறை ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு தம்ளர் நிறையக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் எங்கும் போகாமல் உட்காரச் சொல்லி, மறுபடி எடுத்தார்கள். நோய் என்று சொல்லும் அளவுக்கு இல்லை, சரியாக இருக்கிறது என்று சொல்லும் அளவுக்கும் இல்லை, நடுவில் நிற்கிறீர்கள் என்றார் ஆராய்ச்சியை நடத்துகிற இளம் டாக்டர். நடுவில் நிற்கிறவர்களைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

பாதிப் பகுதிகளில் உள்ளவர்களுக்கு ஆலோசனைப் புத்தகம் ஒன்று மட்டும் கொடுப்பார்கள். மீதிப் பகுதிகளில் ஒரு வருஷம் கூட்டம் நடத்துவார்கள், சாப்பாட்டை மாற்றச் சொல்வார்கள், நடக்க வைப்பார்கள். கடைசியில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பகுதிக்கு எது என்று குலுக்கல் போட்டுத் தீர்மானித்தார்களாம். எங்களுக்குக் கூட்டமும் நடையும் விழுந்தது. இப்போதும் அந்தக் குலுக்கலை நினைத்துக்கொள்வதுண்டு. புத்தகம் விழுந்திருந்தால் அதை நான் அலமாரியில் வைத்திருப்பேன், வேறொன்றும் நடந்திருக்காது.

எங்கள் குழுவுக்கு ஓய்வுபெற்ற ஒரு மலையாள டீச்சர் தலைவி. அவருக்கும் எங்களைப் போல நடுவில் நிற்கிற ரத்தம்தான். முதல் கூட்டத்திலேயே, தனியாக நடக்கிறவர் பத்து நாளில் விட்டுவிடுவார், அதனால் பக்கத்துப் பக்கத்தில் குடியிருப்பவர்கள் இரண்டிரண்டு பேராகச் சேர வேண்டும் என்று சொல்லிவிட்டார். பெண்கள் எல்லாரும் ஏற்கெனவே சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் தாமதமாகப் போயிருந்தேன். கடைசி வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் மிச்சம் இருந்தார். டீச்சர் எங்கள் இரண்டு பேரையும் பார்த்து, "ரெண்டாளும் தமிழ்தானே, நல்லதாச்சு," என்று முடித்துவிட்டார்.

அந்த வெள்ளைச் சட்டைக்காரர் அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ரயில் நிலையத்தை ஒட்டிய தம்பானூரில் ஒரு லாட்ஜில் மேனேஜர். எங்களுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டின் பின்கட்டை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தார்; மகன் கோயம்புத்தூரில். இத்தனையும் முதல் நாள் நடையிலேயே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் ஒன்றுமே பேசவில்லை.

விடிந்தும் விடியாததுமாகத் தெருமுனையில் நிற்பார். நான் வந்ததும் நடக்கத் தொடங்குவார். எனக்கு முன்னால் இரண்டடி போவார், நினைவு வந்து வேகத்தைக் குறைத்துக்கொள்வார். கோட்டைச் சுவர் ஓரமாகப் போய், மேற்குக் கோட்டை வாசலைச் சுற்றித் திரும்புவோம். கோலம் போட வந்த பெண்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். எதிர்வீட்டு மாமி ஒருநாள் என்னிடம், யார் அது என்று கேட்டாள். ஆராய்ச்சி என்று பதில் சொன்னேன். அவளுக்கு அது போதவில்லை. எனக்கும் வேறு பதில் தெரியவில்லை.

அவர் என்னை மாமி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் தெருவில் நடுவயதுப் பெண் எல்லாரையும் வெளியாட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் நான் சொன்னேன்.

"எனக்குக் கல்யாணம் ஆகலை. மாமின்னு கூப்பிட வேண்டாமே."

அவர் நின்றுவிட்டார். "தப்பா எடுத்துக்கிடாதீங்க," என்றார். அதன் பிறகு எந்தப் பெயரும் சொல்லாமல், வெறும் 'நீங்க' என்று மட்டும் சொல்லத் தொடங்கினார். நான் அவரை சார் என்றேன். கடைசி வரைக்கும் அப்படியே இருந்தது.

எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பிறகு ஒருநாள், பாதி வழியில் பிடித்துக்கொண்டது. பூட்டியிருந்த ஒரு மருந்துக்கடையின் தகரக் கூரைக்குக் கீழே ஒதுங்கி நின்றோம். அப்போதுதான் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். அவளுக்கும் சர்க்கரைதான். ஊரில் ரொம்ப நாள் கவனிக்காமல் விட்டதில் கிட்னி போய்விட்டது. இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று அழைத்து வந்து, அந்த லாட்ஜில்தான் அறை எடுத்திருக்கிறார். சில நாளில் திரும்பலாம் என்று வந்தவர்கள் ஒன்றரை வருஷம் அங்கேயே இருந்தார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் அவள் களைத்துப் படுத்திருப்பாள். அவர் லாட்ஜ் முதலாளிக்குச் சின்னச் சின்ன வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறார். அவள் போன பிறகு ஊருக்குப் போய்க் காரியம் முடித்திருக்கிறார்.

"அங்க வீட்டுல இருக்க முடியல. இங்க வந்தா அவ ரூமுலதான் இருக்கான்னு தோணும். வந்துட்டேன்," என்றார்.

முதலாளி மேனேஜர் நாற்காலியைக் கொடுத்தாராம். தென்காசியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் நோயாளியைக் கூட்டிக்கொண்டு வருகிற குடும்பங்களுக்கு, எந்த வாசல் வழியாகப் போக வேண்டும், எத்தனை மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பதுதான் தனக்குப் பிடித்த வேலை என்றார். மழை விட்டும் நாங்கள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தோம். நான் அப்பாவின் காலைப் பற்றிச் சொன்னேன். டிரெஸ்ஸிங் மாற்றும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஸ்லோகம் சொல்வார் என்பதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பேச்சுக்குக் குறைவில்லை. வீட்டில் நான் பேசுகிற தமிழைக் கேட்க ஆள் இல்லாமல் போயிருந்தது. ஆபீசில் மலையாளம், கடையில் மலையாளம். அவரிடம் பேசும்போது என் வாயில் என் அம்மாவின் சொற்கள் வந்தன. 'பொறவு' என்றும் 'கேட்டேளா' என்றும் இரண்டு பேரும் அவரவர் ஊர்த் தமிழில் பேசினோம். கூட்டத்தில் சொன்னபடி நான் சாதத்தைக் குறைத்தேன், தேங்காயைக் குறைத்தேன், சர்க்கரை இல்லாத காப்பி குடிக்கப் பழகினேன். அவர்தான் சிரமப்பட்டார். லாட்ஜில் நேரத்துக்குச் சாப்பாடு கிடையாது. ராத்திரி எந்நேரத்திலும் ஆட்கள் வருவார்கள். பக்கத்தில் தெருவோரத் தட்டுக்கடையில் பரோட்டாவைச் சாப்பிட்டுவிட்டுக் காலையில் வந்து, "நேத்து தப்பாப் போச்சு," என்று சொல்லிவிட்டு வேகமாக நடப்பார்.

ஓணம் கழிந்த ஒரு விடுமுறை நாளில், இன்றைக்கு எவ்வளவு தூரம் முடிகிறதோ பார்ப்போம் என்று வள்ளக்கடவு வழியாக நடந்து சங்குமுகம் வரைக்கும் போய்விட்டோம். கடற்கரையில் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. மணலில் உட்கார்ந்தோம். நான் கால் வலியைப் பற்றி ஏதோ சொல்லிச் சிரித்தேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளக் கூட்டிட்டு வரணும்னு நெனச்சிட்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவாத நாள்ல அவளுக்கு எந்திரிக்க முடியாது. எந்திரிக்க முடிஞ்ச நாள்ல ஆஸ்பத்திரிக்குப் போவணும்," என்றார்.

 அவர் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது. அதில் எனக்கு வருத்தமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் வந்தோம். அவருக்கு முன்பக்கம் பெண்கள் இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, பின்னால் அவர் நிற்கிறார் என்ற நினைப்போடு வந்தேன். அந்தப் பஸ் இன்னும் கொஞ்சம் மெதுவாகப் போயிருக்கலாம்.

அலாரம் அடிக்கும் முன்பே எனக்கு விழிப்பு வரத் தொடங்கியது. நடைக்கென்று நல்ல பருத்திச் சேலைகளாகப் பார்த்து எடுத்து வைத்தேன். சனிக்கிழமை கூட்டங்களில் டீச்சர், உங்கள் முகம் தெளிந்திருக்கிறது என்று சொன்னபோது எல்லாரும் நடையின் பலன் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

வருஷம் முடிந்தபோது மறுபடி வாசகசாலையில் பரிசோதனை நடந்தது. முடிவைத் தனித்தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள். எனக்கு எல்லாம் சரியான அளவுக்கு வந்துவிட்டது. டாக்டருக்கு அவ்வளவு சந்தோஷம். வெளியே வந்து, சாருக்காக மரத்தடியில் காத்திருந்தேன். அவர் வெளியே வர நேரமானது. செருப்பை மாட்டிக்கொண்டே, "நான் கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிட்டேன்," என்றார்.

அவருக்கு நீரிழிவு வந்துவிட்டது. நடந்ததும் சாப்பாட்டைக் குறைத்ததும் வீணில்லை, அது இல்லாவிட்டால் முன்பே வந்திருக்கும், சிலர் உடம்பு அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இனி அவர் தடுப்பு ஆராய்ச்சியில் கவனிக்கப்படுகிறவர் இல்லை, மருந்து சாப்பிட வேண்டிய நோயாளி. சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். தெருமுனையில், நாளைக்குப் பார்க்கலாம் என்று நான் சொன்னதற்குத் தலையாட்டினார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒரு வாரம் தெருமுனை வரைக்கும் போய் நின்று, பிறகு தனியாகப் பாதி தூரம் நடந்து திரும்பினேன். போன் செய்தால் லாட்ஜில் வேலை அதிகம் என்றார். வேலை எப்போதும்தான் இருந்தது.

ஆபீசிலிருந்து ஒரு மாலை நேராகத் தம்பானூருக்குப் போனேன். அந்த லாட்ஜ் இருக்கிற சந்து எனக்குத் தெரியும். உள்ளே போனதில்லை. எங்கள் தெருவிலிருந்து தனியாக ஒரு பெண் லாட்ஜ் படியேறுவதை யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். ஆனாலும் ஏறினேன். வரவேற்பு மேசைக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு குடும்பம் ஸ்கேன் கவர்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். அந்தக் குடும்பத்துக்குச் சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டு, எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"ஏன் நடக்க வரலை?" என்று கேட்டேன்.

"வராம இருக்கணும்னுதான நடந்தேன், வந்துட்டு. இனி நடந்து என்ன?"

"வந்தப்பறமும் நடக்கணும்னுதானே டாக்டர் சொன்னார்? எங்கப்பா நடந்திருந்தா காலோட போயிருப்பார்."

அவர் மேசை மேல் கிடந்த பேனாவை எடுத்து மூடினார். பிறகு சொன்னார். "மவன்ட்ட சொன்னேன். சுகர்னு கேட்டதும் பயந்துட்டான். அவங்க அம்மா நெனப்பு வந்திருக்கும். கோயம்புத்தூருக்கு வந்துருங்க, நான் பாத்துக்கிடுதேன்னு நிக்கான். முதலாளிட்ட சொல்லிட்டேன்."

எப்போது என்று கேட்டேன். மாதக் கடைசி என்றார். வாசலில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. ஒரு வயதான பெண்ணை இரண்டு பேர் தாங்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர் கவனம் அங்கே போவதைப் பார்த்தேன். போகாதீர்கள் என்ற சொல் என் வாயில் இருந்தது. என்ன உரிமையில் சொல்வது? மகன் கூப்பிடுகிறான். நான் ஒரு டீச்சர் கைகாட்டிச் சேர்த்துவிட்ட ஆள்.

"மாத்திரையைச் சாப்பாட்டோட போடணும், கேட்டேளா? வெறும் வயத்துல போட்டா பிரட்டும்," என்றேன்.

"சரி," என்றார். கொஞ்சம் கழித்து, "நாளைக்கி வாரேன்," என்றார்.

வந்தார். மாதக் கடைசி வரைக்கும் ஒரு நாள் விடாமல் வந்தார். ஊரைப் பற்றியோ பயணத்தைப் பற்றியோ பேசவில்லை. கடைசி நாளில் மேற்குக் கோட்டையில் திரும்பாமல் இன்னும் கொஞ்சம் போகலாமா என்று கேட்டார். போனோம். அன்றைக்கு ஆபீசுக்கு நான் தாமதமாகத்தான் போனேன்.

அதன் பிறகான காலத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நான் நடப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவரோடு நடந்ததும் இல்லாமல் போய்விடும் என்பதுபோல் இருந்தது. சில நாள் பக்கத்து வீட்டு மருமகள் கூட வருவாள். பிரசவத்தின்போது சர்க்கரை கூடியதால் அவளை டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். அவள் காதில் போனை மாட்டிக்கொண்டு தோழியிடம் மலையாளத்தில் பேசிக்கொண்டே வேகமாகப் போய்விடுவாள். சாலையைக் கடக்கும்போது பக்கத்தில் ஆள் இருப்பதாக நினைத்து நான் எதையாவது சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொள்வேன். பொங்கலுக்கும் ஓணத்துக்கும் அவர் போன் செய்வார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்பேன், சொல்வார். என்னுடையதைக் கேட்பார், சொல்வேன். பின்னால் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்கும். வைத்துவிடுவோம்.

ஒன்றே ஒன்று எனக்கு நம்பிக்கையாக இருந்தது. சேர்ந்தவர்கள் எல்லாரையும், நோய் வந்தவர்களையும் சேர்த்து, இரண்டு வருஷம் கழித்து மறுபடி ஒருமுறை பார்ப்போம் என்று ஆராய்ச்சிக்காரர்கள் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார்கள். அந்தப் போன் வந்தபோது நான் ஆபீசில் இருந்தேன். தேதியைக் கேட்டுக்கொண்டேன். வெளியூர் போனவர்களும் வருவார்களா என்று கேட்டேன். கூப்பிட்டிருக்கிறோம், வருவது அவரவர் விருப்பம் என்றாள் அந்தப் பெண். அவருக்குப் போன் செய்து கேட்டிருக்கலாம். வரவில்லை என்று சொல்லிவிட்டால், அந்தத் தேதிவரை காத்திருப்பதுகூட இல்லாமல் போய்விடுமே என்று கேட்கவில்லை.

வாசகசாலைக்கு நான்தான் முதலில் போனேன். டீச்சர் வந்தார், குழுவில் பெரும்பாலானவர்கள் வந்தார்கள். முதல் ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் தண்ணீரைக் குடித்துவிட்டு ஜன்னலோர பெஞ்சில் உட்கார்ந்தேன். அப்போது வாசலில் அவர் நின்றார். தோளில் பை. மெலிந்திருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. கோவையிலிருந்து ராத்திரி ரயிலில் புறப்பட்டு, ஸ்டேஷனிலிருந்து நேரே வந்திருந்தார்.

ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீர் இல்லை. ஒரே ஒரு முறை ரத்தம் எடுத்து, நீங்கள் போகலாம், சாப்பிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர் போகவில்லை. நான் உட்கார்ந்திருந்த பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

"சாப்பிடலையா? மாத்திரை போடணுமே," என்றேன்.

"நீங்க முடிச்சிட்டு வாங்க. சேந்து சாப்பிடுவோம்."

எழுந்து நடக்கக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நடப்பதற்காகச் சேர்த்துவிடப்பட்ட நாங்கள் இரண்டு பேரும் முதல்முறையாக இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்து பேசினோம். கோயம்புத்தூரில் ஒரு பூங்காவில் காலையில் நடக்கிறாராம். கூட நடக்க நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள், போவதில்லை என்றார். ஏன் என்று கேட்டேன். வேகம் ஒத்துவரவில்லை என்றார். கண்ணைப் பரிசோதித்துப் பார்த்ததாகவும், இதுவரை பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். மகன் நல்லவன், மருமகள் சாப்பாட்டில் கவனமாக இருக்கிறாள். "கொற ஒண்ணும் இல்ல," என்று இரண்டு முறை சொன்னார்.

நான் கேட்டுவிட்டேன். "இங்க திரும்பி வரணும்னு தோணலையா, சார்?"

 "தோணும்," என்றார். "காலைல வெள்ளன செருப்ப மாட்டும்போது தோணும். பொறவு பிள்ளைய ஸ்கூலுக்கு விடணும்பாங்க. போயிருவேன்."

"எனக்கும் தோணும்," என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவர் கேட்கவில்லை. தெரிந்திருக்கும்.

இரண்டாவது ரத்தம் எடுக்க என் பெயரைக் கூப்பிட்டபோது, அதற்குள் முடிந்துவிட்டதா என்றிருந்தது. வெளியே வந்து கிழக்கேகோட்டையில் ஒரு சின்ன ஓட்டலில் இட்லி சாப்பிட்டோம். அவரோடு உட்கார்ந்து நான் சாப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் பையிலிருந்து மாத்திரையை எடுத்தபோது தண்ணீர்த் தம்ளரை நகர்த்தி வைத்தேன். அப்பாவுக்குப் பிறகு யாருக்கும் அப்படிச் செய்ததில்லை. மதியத்துக்குப் பிறகு ரயில். ஸ்டேஷன் வரைக்கும் போனேன். பிளாட்பாரத்துக்குள் வர வேண்டாம், வெயில் அதிகம் என்றார். வாசலோடு நின்றுகொண்டேன்.

அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆராய்ச்சியை முடித்துவிட்டார்கள். கடைசிக் கூட்டத்தில் இளம் டாக்டர் எல்லாருக்கும் நன்றி சொல்லி, இனி உங்களைத் தொந்தரவு செய்யமாட்டோம் என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அடுத்து எப்போது என்று கேட்க எனக்கு வாய் வந்தது. இன்னும் பத்து வருஷம் அவர்கள் என்னைத் தொந்தரவு செய்திருக்கலாம்.

போன வாரம் அவர் பேசினார். பண்டிகை ஒன்றும் இல்லை, சும்மா பேசினேன் என்றார். அங்கே இப்போது காலையில் நல்ல ஆடிக்காற்று என்றார். பூங்காவைச் சொன்னார், அதைச் சுற்றிவர எவ்வளவு நேரம் ஆகும் என்று சொன்னார். பிறகு, "ஒருக்கா வாங்களேன்," என்றார். மகன் வீட்டில் மாடியில் அறை காலியாக இருக்கிறதாம், மருமகளும் சொன்னாளாம்.

பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். ஓணத்துக்குக் கோர்ட்டு மூடுவார்கள், வக்கீல் ஆபீசும் அப்போது மூடிவிடும். ரயில் நேரங்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். அண்ணாவிடம் இன்னும் சொல்லவில்லை.